ஆஃப்டர்மார்க்கெட் பைக் எஞ்சினை நம்பலாமா? வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் பார்க்க வேண்டியவை

வண்டியோடு வந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொரு தயாரிப்பாளரின் எஞ்சினைப் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இது நல்ல எஞ்சினா?" என்றுதான். இதற்கு ஆமாம் அல்லது இல்லை என்றுதான் பதில் வரும். இரண்டில் எது வந்தாலும் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "இந்த எஞ்சின் கெட்டால் முதலில் எந்த இடம் கெடும்? அது கெடப்போவது எனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஓடித் தேய்ந்த எஞ்சின் என்றால் அனுபவமுள்ள மெக்கானிக் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை என்றால், குதிரைத்திறன் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அது இன்னும் யாரும் ஓட்டிப் பார்க்காத எஞ்சின். அந்தச் சோதனையை உங்கள் செலவில் நடத்த வேண்டியிருக்கும்.

எந்த எஞ்சினும் தேயத்தான் செய்யும். தேய்மானம் மெதுவாக, கண்ணுக்குத் தெரியும்படி, மாற்றக்கூடிய பாகத்தில் நடந்தால் அதுதான் நம்பகமான எஞ்சின். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய பட்டறை தேவையில்லை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது), ஒரு நல்ல காந்தம், ஒரு நோட்டு இருந்தால் முக்கால்வாசி வேலை ஆகிவிடும்.

எந்த வகை எஞ்சின் என்று முதலில் பிரியுங்கள்

ஆஃப்டர்மார்க்கெட் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன. மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதல் வகை, ஒரு பிரபலமான எஞ்சினுக்கு மாற்றாகத் தனி நிறுவனம் தன் சொந்த வார்ப்பில் செய்யும் முழு எஞ்சின். ஹார்லி-டேவிட்சன் வண்டிகளுக்கான வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்) எஞ்சின்கள் இதற்குச் சரியான உதாரணம். 1958-ல் தொடங்கிய எஸ் அண்ட் எஸ் சைக்கிள் நிறுவனம் ஹார்லியின் எவல்யூஷன், ட்வின் கேம் பாணிகளில் முழு எஞ்சின்களையே விற்கிறது. பிக் டாக் போன்ற கஸ்டம் பைக் தயாரிப்பாளர்கள் அவற்றைத் தங்கள் வண்டிகளில் போட்டே விற்றார்கள். அதனால் அவற்றைப் பற்றிய அனுபவம் உலகம் முழுக்கக் குவிந்து கிடக்கிறது.

இரண்டாவது, நகல் எஞ்சின்கள். ஹோண்டாவின் கிடைமட்ட எஞ்சின், சிஜி125 எஞ்சின் இரண்டின் வடிவத்தையும் வைத்து லிஃபான், சோங்ஷென், யின்ஷியாங் போன்ற சீன நிறுவனங்கள் பெருமளவில் செய்பவை. மூன்றாவது, அசல் எஞ்சினையே வைத்துக்கொண்டு பெரிய பிளாக், பெரிய பிஸ்டன், வேறு கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு மாற்றியமைப்பது.

முதல் வகையில் தயாரிப்பாளரையே மதிப்பிட வேண்டும். இரண்டாவதில் வரைபடம் ஏற்கெனவே நல்லது என்று நிரூபணமாகிவிட்டது. உலோகமும் பொருத்திய கையும்தான் சந்தேகத்துக்குரியவை. மூன்றாவதில், உங்கள் எஞ்சினை மாற்றிக்கட்டப் போகும் மெக்கானிக்தான் தயாரிப்பாளர். அவரைத்தான் விசாரிக்க வேண்டும்.

அசல் கம்பெனி எஞ்சின் என்றால் எப்போதும் உசத்தி, வெளியில் வாங்கியது என்றால் மட்டம் என்ற எண்ணத்தையும் இங்கேயே விட்டுவிடுவது நல்லது. ஹார்லியின் ட்வின் கேம் எஞ்சின் 1999 மாடலில் வந்தது. அதன் ஆரம்ப ஆண்டுகளில் கேம் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஸ்பிரிங் விசையில் இயங்கியது. அதன் பிளாஸ்டிக் பட்டை தேய்ந்து, துகள்கள் ஆயிலில் கலந்து, ஆயில் பம்ப் வரை போய்க் கெடுக்கும். 2007 மாடலில் எல்லா ட்வின் கேம் எஞ்சின்களிலும் ஹைட்ராலிக் டென்ஷனர் வந்துவிட்டது. அதற்கு முன்பே வெளி நிறுவனங்கள் செயினே இல்லாத பல்சக்கர கேம் டிரைவ் விற்றுக்கொண்டிருந்தன. பிரச்சனையை வேரோடு எடுத்த நல்ல தீர்வு அது. ஆனால் கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) நுனி ஓரளவுக்கு மேல் கோணிச் சுற்றினால் பல்சக்கரம் அதைப் பொறுக்காது. 0.003 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கைவிடக் குறைவு, அவ்வளவுதான் அனுமதி. அளந்து பார்த்துப் போட்டவர்களுக்கு அந்தப் பாகம் அருமையாக உழைத்தது. அளக்காமல் போட்டால் சத்தமும் தேய்மானமும்தான் மிச்சம்.

எண்களைப் படியுங்கள்

சீன எஞ்சின்களில் பக்கவாட்டில் பொறித்திருக்கும் மாடல் எண்ணே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். 156எஃப்எம்ஐ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 1 என்றால் ஒரு சிலிண்டர். 56 என்பது பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில், ஏறக்குறைய. எஃப் என்றால் காற்றால் குளிர்வது. விசிறி வைத்த ஸ்கூட்டர் எஞ்சின்களில் அங்கே க்யூ இருக்கும், தண்ணீரால் குளிரும் எஞ்சின்களில் அந்த எழுத்தே இருக்காது. எம் என்றால் மோட்டார் சைக்கிளுக்கானது. கடைசி எழுத்து கொள்ளளவு வகுப்பு: ஹெச் 110 சிசி, ஐ 125, ஜே 150, எல் 200, எம் 250.

இதை வைத்து விற்பவர் சொல்வதைச் சரிபார்க்கலாம். 156எஃப்எம்ஐ-யின் உண்மையான துளை 56.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம், 49.5. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் 124 சிசி வரும். 162எஃப்எம்ஜே என்றால் துளை 62, ஸ்ட்ரோக் அதே 49.5, கொள்ளளவு 149 சிசி. 156 என்று பொறித்த எஞ்சினை 150 சிசி என்று விற்கிறார்கள் என்றால் ஒன்று விளம்பரம் தவறு, இல்லையென்றால் உள்ளே யாரோ துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். எது என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து பிஸ்டன் வேகம். எஞ்சின் எவ்வளவு சிரமப்படுகிறது என்று காகிதத்திலேயே கணக்குப் போட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஸ்ட்ரோக்கை மீட்டரில் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஆர்பிஎம்மால் பெருக்கி, 60-ஆல் வகுங்கள். 49.5 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள 125 சிசி எஞ்சின் 8000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 13 மீட்டர் சொச்சம். அதே குடும்பத்தின் 200 சிசி எஞ்சினில் ஸ்ட்ரோக் 62.2 மில்லிமீட்டர். அதே 8000-ல் 16.6 மீட்டர். எஸ் அண்ட் எஸ்ஸின் 124 கன அங்குல வி-ட்வினில் ஸ்ட்ரோக் 117.5 மில்லிமீட்டர். 3000 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போனால் 12 மீட்டருக்குக் கீழே, 6000 வரை முறுக்கினால் 23-ஐத் தாண்டிவிடும். தினசரி ஓட்டத்தில் 20 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. 25-ஐ நெருங்கும்போது ரிங், பிஸ்டன் பின், கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) எல்லாமே பந்தயத் தரத்தில் இருந்தாக வேண்டும். அதாவது, ஒரே எஞ்சின் ஒருவருக்குப் பல வருஷம் உழைக்கும், இன்னொருவருக்கு ஒரு பருவம்கூடத் தாங்காது. நீங்கள் எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் இருப்பீர்கள் என்பதை முதலில் நேர்மையாக முடிவு செய்யுங்கள்.

பெரிய பிளாக் கிட் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: துளையைப் பெரிதாக்கிய பிறகு லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) சுவர் எவ்வளவு தடிமன் மிஞ்சுகிறது? சுவர் மெலிந்தால் சூட்டில் துளையின் வட்டம் கெடும், ஹெட் கேஸ்கட் உட்காரும் இடமும் குறுகும். கிளட்சும் கியர்பாக்ஸும் பழைய பலத்துக்குச் செய்யப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். எஞ்சின் தாங்கினாலும் அவை தாங்க வேண்டும் அல்லவா?

மற்றவர்கள் சொல்வதை எடைபோடுவது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"ஒரு வருஷமா ஓட்டுறேன், ஒரு பிரச்சனையும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். வார இறுதியில் மட்டும் எடுக்கும் வண்டி ஒரு வருஷத்தில் ஓடுவது சொற்பம். வால்வு, ரிங் எல்லாம் தங்கள் குணத்தைக் காட்டுவது சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகுதான். அதேபோல, "வாங்கிய மாதமே போய்விட்டது" என்பவரிடம் என்ன போனது என்று கேளுங்கள். எஞ்சின் போச்சு என்ற பதிலோடு விடாதீர்கள். கழற்றினீர்களா, எந்தப் பாகம், எப்படி இருந்தது என்று கேளுங்கள். முடிந்தால் படம் பாருங்கள். உடைந்த பாகம் காரணத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுந்து உருகியிருந்தால், பெரும்பாலும் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கும், இல்லையென்றால் இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கும். கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் புது எஞ்சினைப் பூட்டினாலோ, இன்டேக் குழாயில் காற்று புகுந்தாலோ இதுதான் நடக்கும். எஞ்சின் செய்தவர் மேல் பழி போட முடியாது. பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் செங்குத்தாகக் கோடு விழுந்து சீஸ் ஆகியிருந்தால் (இறுகிப் பிடித்துப் போயிருந்தால்), குளிர்ந்த எஞ்சினைச் சூடாகவிடாமல் முறுக்கியிருப்பார்கள், அல்லது பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் நடுவே விட்ட இடைவெளி போதவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு என்றால் அதிகச் சூட்டின் அடையாளம். கனெக்டிங் ராடின் கீழ்முனை நீலம் பாரித்திருந்தால் அங்கே ஆயில் போகவில்லை.

ஆனால் ஆயில் தவறாமல் மாற்றிய வண்டியில், குறைந்த கிலோமீட்டரிலேயே கேம் ஷாஃப்டின் முனை மழுங்கிப் போயிருந்தால், உலோகத்தின் கடினப்படுத்தல் சரியில்லை என்று சந்தேகிக்கலாம். அது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஒருவரை ஒருவர் அறியாத பல பேருக்கு, ஏறக்குறைய ஒரே கிலோமீட்டரில், ஒரே பாகம் போயிருந்தால் அது வடிவமைப்பின் குறை. இந்த மாதிரி ஒத்துப்போகும் புகார்தான் உண்மையிலேயே மதிப்புள்ள தகவல். ஒற்றை ஆளின் பாராட்டைவிடவும் கோபத்தைவிடவும் இதற்குப் பத்து மடங்கு எடை கொடுங்கள்.

நண்பர் ஒருவரின் சிறிய கிடைமட்ட எஞ்சின் சில நூறு கிலோமீட்டரிலேயே மேலே கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கேம் மட்டமான இரும்பு என்பதுதான் அவருடைய முடிவு. கழற்றியபோது கேம் தேய்ந்துதான் இருந்தது. ஆனால் கீழே, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில், கேஸ்கட் பசை சுண்டுவிரல் நீளத்துக்குச் சிவப்பு இழையாகச் சுருண்டு படிந்து கிடந்தது. கிளட்ச் மூடியைத் திறந்து மாட்டிய யாரோ பசையை அளவுக்கு மேல் பிதுக்கியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது அறுந்து ஆயிலோடு போய் வலையை அடைத்திருக்கிறது. அந்த வலையைப் பார்க்காமல் விட்டிருந்தால், அந்த எஞ்சினின் மேல் பொய்யான ஒரு கெட்ட பெயர் ஊரெல்லாம் போயிருக்கும். புது கேமும் அதே கதியைத்தான் அடைந்திருக்கும்.

தயாரிப்பு ஆண்டையும் கேட்க மறக்காதீர்கள். ஒரே பெயரில் விற்கும் எஞ்சினில் பம்ப், பேரிங், கேம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். பல வருஷத்துக்கு முந்தைய நல்ல பெயரோ கெட்ட பெயரோ இன்று பெட்டியில் வரும் எஞ்சினுக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எஞ்சினுக்கு முன்னால் உதிரிபாகத்தை வாங்குங்கள்

பணம் கட்டுவதற்கு முன், அந்த எஞ்சினுக்கான முழு கேஸ்கட் செட், ஒரு பிஸ்டன் ரிங் செட், ஆயில் சீல்கள், கிளட்ச் பிளேட் ஆகியவற்றைத் தனியாக வாங்க முயன்று பாருங்கள். சுலபமாகக் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எஞ்சின் விற்பவரே "அதெல்லாம் தேவைப்படாது" என்றால், தேவைப்படும் நாளில் அவரிடம் இருக்காது என்று அர்த்தம்.

உள்ளே இருக்கும் பேரிங், சீல், சுரை எல்லாம் பொது அளவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேரிங்கின் மேல் பொது எண் பொறித்திருந்தால் உலகத்தில் எங்கேயும் நல்ல நிறுவனத்தின் பேரிங் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதே சி3 ரகம்தான் வாங்க வேண்டும். சூட்டில் விரிவதற்காக உள் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக விட்ட ரகம் அது. சாதாரணத்தைப் போட்டால் சீக்கிரம் இறுகும்.

பிளாக்கில் இரும்பு லைனரா, நிக்கல் பூச்சா என்பதையும் கேட்டுவிடுங்கள். இரும்பு லைனர் தேய்ந்தால் லேத் பட்டறையில் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு அதைவிட நீண்ட நாள் உழைக்கும், சூட்டையும் நன்றாகக் கடத்தும். ஆனால் அதைச் சும்மா போர் செய்ய முடியாது. திரும்பப் பூச்சு ஏற்ற வேண்டும், அல்லது புது பிளாக் வாங்க வேண்டும். பக்கத்தில் நல்ல மெஷின் ஷாப் இல்லாதவர் பூச்சு பிளாக் வாங்குவதானால் இன்னொரு பிளாக் எங்கே கிடைக்கும் என்று இப்போதே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வாரன்டி காகிதத்தில் காலத்தைவிட நிபந்தனைகளை உற்றுப் பாருங்கள். பாகத்துக்கு மட்டுமா, கூலிக்குமா? நீங்களே பூட்டினால் செல்லுமா? கூடவே, எஞ்சின் எண் மாறுவதை உங்கள் பகுதிப் பதிவுச் சட்டமும் புகைச் சட்டமும் அனுமதிக்கின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் செய்ய வேண்டியது

உடனே பூட்டி ஓட்டிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். ஒரு நாள் பொறுங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஒரு ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றுங்கள். முழுச் சுற்றும் ஒரே சீராக வர வேண்டும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தடங்கினாலோ கரகரத்தாலோ அங்கே காரணம் இருக்கிறது. எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். சில கியர்கள் தண்டு சுற்றிக்கொண்டிருந்தால்தான் விழும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

டிரெயின் போல்ட்டைக் கழற்றி உள்ளே இருப்பதை வடியுங்கள். பெட்டியில் வரும் எஞ்சினில் ஆயிலே இல்லாமல் இருக்கலாம், அல்லது துருப்பிடிக்காமல் இருக்க ஊற்றிய ஏதோ ஒன்று இருக்கலாம். அதில் ஒரு நிமிஷம்கூட ஓட்ட வேண்டாம். உறிஞ்சும் வலை வெளியிலிருந்தே எடுக்கும்படி இருந்தால் எடுத்துப் பாருங்கள், வார்ப்பு மணலும் பசைத் துணுக்கும் அங்கேதான் சேரும். வெளியே வார்ப்பில் ஊசித்துளை போலப் பொத்தல்கள், ஃபின்களுக்கு நடுவே சிலும்பு, கேஸ்கட் ஓரத்தில் பிதுங்கிய பசை, தலை மழுங்கிய போல்ட் இவையெல்லாம் கட்டியவரின் கவனத்தைக் காட்டுபவை. வெளியே அவசரம் தெரிந்தால் உள்ளே நிதானமாகச் செய்திருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

வேலை தெரிந்தவர் கூட இருந்தால், நகல் எஞ்சினில் ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றிப் பார்த்துவிடுவதே மேல். ஒரு கேஸ்கட் செலவுதான். பிஸ்டன் ரிங்கைத் துளைக்குள் வைத்து, பிஸ்டன் தலையாலேயே தள்ளி நேராக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். சாதாரணச் சாலை எஞ்சினுக்குத் துளை விட்டத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பொதுவான கணக்கு. 56.5 மில்லிமீட்டர் துளைக்கு 0.22 மில்லிமீட்டர் போல வரும். அதைவிட மிகக் குறைந்திருந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டிக்கொண்டு பிளாக்கையே உரித்துவிடும். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அந்தத் திசையில் துளிகூட ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்புதான். மூடும்போது ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, குறுக்குமறுக்காக, மூன்று நான்கு தவணையில் இறுக்குங்கள்.

முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக் இல்லாமல் கிக்கரையோ ஸ்டார்ட்டரையோ கொஞ்ச நேரம் ஓட்டி ஆயிலை மேலே ஏற்றுங்கள். டேப்பட் மூடியைத் திறந்து பார்த்தால் ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தும் கை) நனைந்திருக்க வேண்டும். நனையாத எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஈரக் கிளட்ச் உள்ள எஞ்சினுக்கு ஜாசோ (ஜப்பானியத் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 குறியுள்ள பைக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். வழுக்கல் கூட்டும் சேர்மானம் உள்ள கார் ஆயிலில் கிளட்ச் நழுவும்.

ஸ்டார்ட் ஆனதும் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடாதீர்கள். ரிங்குகள் பிளாக்கோடு ஒட்டிப் பழகுவதற்கு மிதமான சுமை தேவை. சூடானதும் வெளியே எடுத்து, வேகத்தை ஏற்றி இறக்கி, ஒரே ஆர்பிஎம்மில் நிற்காமல், உச்சத்துக்கும் போகாமல் ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சில பத்து கிலோமீட்டரிலேயே வடித்துவிடுவது நல்லது. அடுத்தது 500 கிலோமீட்டர் வாக்கில். தயாரிப்பாளர் வேறு கணக்கு கொடுத்திருந்தால் அதன்படியே போங்கள்.

வடித்த ஆயிலைப் படியுங்கள்

வடித்த ஆயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். இது எஞ்சினின் இரத்தப் பரிசோதனை. வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஆயிலில் துழாவுங்கள். முதல் தடவை சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பசை ஒட்டினால் பரவாயில்லை, பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகுகின்றன. விரலில் தேய்த்தால் குத்தும் செதில், ஊசி போன்ற துண்டு இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு பெரும்பாலும் அலுமினியம்: பிஸ்டன், ஹெட், கிராங்க் கேஸ். மஞ்சள் பொட்டு இருந்தால் வெண்கல புஷ்ஷைச் சந்தேகியுங்கள். கறுப்பாக, நார் போல இருப்பது கிளட்ச் பிளேட்டிலிருந்து வந்தது. காகித ஃபில்டர் உள்ள எஞ்சின் என்றால் ஃபில்டரை அறுத்து, காகிதத்தை மடிப்பு மடிப்பாகப் பிரித்து விரித்துப் பாருங்கள். ஆயிலில் தெரியாதது அங்கே தெரியும்.

ஒரு தடவை பார்ப்பது போதாது. இரண்டாம் ஆயிலில் முதலாவதைவிடக் குறைவாகவும், மூன்றாவதில் இன்னும் குறைவாகவும் துகள் இருக்க வேண்டும். குறையாமல் அப்படியே நின்றால், அல்லது கூடினால், உள்ளே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது.

நோட்டில் எழுத வேண்டிய அளவுகள்

கம்ப்ரஷன் பார்க்கும்போது எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்திருக்க வேண்டும். தானாகக் கம்ப்ரஷனைக் குறைக்கும் கேம் உள்ள எஞ்சின்களில் எண் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். புதிதில் வந்த எண்ணோடு அடுத்தடுத்து வரும் எண்களை ஒப்பிடுவதுதான் பயன். இறங்கியிருந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

இதைவிடத் துல்லியமானது லீக்டவுன் சோதனை. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி அழுத்தக் காற்றை உள்ளே விட்டு, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. பத்துக்குள் என்றால் நல்ல நிலை, இருபதைத் தாண்டினால் வேலை வந்துவிட்டது. காதை வைத்துக் கேட்டால் எங்கே கசிகிறது என்றும் தெரியும். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கிராங்க் கேஸின் மூச்சுக் குழாயில் என்றால் ரிங்.

எல்லாவற்றையும்விட எளிதாகக் கிடைக்கும் செய்தி டேப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வின் முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. ஒவ்வொரு தடவையும் சரிசெய்வதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்பதை எழுதுங்கள். பலர் சரிசெய்த பிறகான எண்ணை மட்டும் எழுதுகிறார்கள், அதில் ஒன்றும் தெரியாது. இடைவெளி கூடிக்கொண்டே போனால் ராக்கரும் கேமும் தேய்கின்றன, சத்தமும் வரும். குறைந்துகொண்டே போவதுதான் ஆபத்து, ஏனென்றால் சத்தமே வராது. வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. இடைவெளி முழுதாகப் போனால் வால்வு மூடாது, சூட்டை இறக்கிவைக்க வழியில்லாமல் கருகிவிடும். முதல் சில சோதனையில் கொஞ்சம் இறுகி, பிறகு நின்றுவிட்டால் பயமில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இறுகுகிறது என்றால் ஹெட்டைக் கழற்றும் நாளை இப்போதே குறித்துவிடுங்கள்.

யாரோ ஓட்டிய ஆஃப்டர்மார்க்கெட் எஞ்சினை வாங்குவதானாலும் இதே சோதனைகள்தான், தலைகீழ் வரிசையில். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். குளிரில்தான் பிஸ்டன் தட்டும் சத்தம் கேட்கும். ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்ட எஞ்சினில் குளிரில் லேசாகத் தட்டுவது சகஜம், அந்த உலோகம் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி கூடுதலாக விட்டிருப்பார்கள். சூடானதும் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் லீக்டவுன் பார்க்கச் சம்மதம் கேளுங்கள். மறுத்தால் வேறு எஞ்சினைத் தேடுங்கள்.